சந்தனத்தில் இறுகிய வைஸ்

பின் டயர்ல காத்து இல்ல. சைக்கிளைத் தள்ளிக்கினு வந்தவரோட சட்டை முதுகுல ஒட்டிப்போயிருந்துச்சு. கேரியர்ல கோணியில சுத்தி, கிணத்துக் கயித்தால நாலு கட்டு கட்டின ஏதோ ஒண்ணு. தெருவுல ரெண்டு நாய் அதை மோந்துக்கினே கூட வருது. வாசல்ல நின்ன நான் ரெண்டடி பின்னால போனேன்.

"இன்னா மாமா இது, பன்னித் தலையாட்டம் கீது?"

"வாயக் கழுவுடி. வைஸு! ஆறு இஞ்சு வைஸு!"

கோணியைப் பிரிச்சாரு. உள்ள இருந்தது மேல இருந்து கீழ வரைக்கும் துரு. ரெண்டு தாடை, நடுவுல கட்டைவிரலைவிடத் தடியா ஒரு திருகு, முன்னால ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடியைச் சுத்தினா தாடை மூடணும், திருப்பிச் சுத்தினா திறக்கணும். இரும்பை அசையாம பிடிச்சுக்கத்தான் வைஸு. இது மூணு விரக்கடை வாயைப் பிளந்தபடி அப்படியே நின்னு போயிருந்துச்சு. மாமா ரெண்டு கையாலயும் பிடிச்சு முக்கினாரு. அசையல.

ஆனா அவர் மூஞ்சியைப் பார்க்கணுமே! எங்க கல்யாணத்தன்னைக்குக்கூட அந்த மூஞ்சியில அவ்வளவு வெளிச்சம் இல்ல. எனக்குப் பொறாமையாவே இருந்துச்சு, சொல்லிட்டேன்.

இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிற என் நாத்தனார் மக, "மாமி, உங்க வாந்தி, மசக்கை எல்லாம் எழுதறீங்க, பட்டறை வந்த கதையை எப்ப எழுதப்போறீங்க"ன்னு போன் பண்ணிக்கினே இருக்கா. தோ, எழுதிட்டேன். இனிமே போன் பண்ணாதடி.

மஸ்கட்டா, பட்டறையா

ஊர்ல எவனைப் பார்த்தாலும் மஸ்கட்டு, துபாய்னு பேசிக்கினு இருந்த காலம் அது. போய்ட்டு வந்த ஒருத்தர் டேப் ரெக்கார்டரைத் தோள்ல வச்சுக்கினு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டை மூணு சுத்து சுத்தினதை நானே பார்த்திருக்கேன். பின்னாலயே ஒரு கும்பல் போவுது.

மாமாவுக்கும் ஒரு ஏஜெண்டு மூலமா ஃபாரம் வந்துச்சு. பம்ப் மெக்கானிக் வேலை. போனா ரெண்டு வருஷத்துக்குத் திரும்ப முடியாது.

நான் அப்ப அஞ்சு மாசம். கணக்குப் போட்டுப் பாருங்க. அவர் திரும்பி வர்றப்போ பிள்ளை நடந்து, பேசி, "யாரு இந்த ஆளு"ன்னு கேக்கும். எனக்கு அவரை அனுப்ப மனசே இல்ல. ஆனா வாயைத் திறந்து சொல்ல முடியுமா? வலிய வர்ற லட்சுமியைத் தடுக்கறாளேன்னு தெருவே பேசும். அந்த ஃபாரத்தை இங்கிலீஷ்ல, பெரிய எழுத்துல, அடித்தல் இல்லாம நிரப்பினது யாருன்னு நினைக்கிறீங்க? பத்தாவது வரைக்கும் படிச்ச நான்தான். ஒரு கட்டத்துல எழுதறப்போ கண்ணு தண்ணி விட்டு 'எம்' எழுத்து கலைஞ்சே போச்சு. அதுக்கு மேலயே அழுத்தி எழுதினேன். கீழ கையெழுத்துப் போடற இடம் மட்டும் பாக்கி.

அத்தைக்குத் தலைகால் புரியல. அத்தைன்னா மாமாவோட அம்மா, எங்க நைனாவுக்குக் கூடப் பொறந்த அக்கா. அத்தை மகனைக் கட்டினதால எனக்கு அவர் கல்யாணத்துக்கு முன்னாடியும் மாமா, பின்னாடியும் மாமா. "எம்புள்ள ஏரோப்பிளேன்ல போவப்போறான்"னு அத்தை தண்ணிக் குழாய் வரைக்கும் சொல்லிட்டு வந்துட்டாங்க.

மாமாவுக்கு மட்டும் மனசு வேற எங்கயோ. ஐ.டி.ஐ. படிச்சுட்டு நாலு வருஷம் அடுத்தவன் கடையில ஆயில் இன்ஜினைப் பிரிச்சு மாட்டினவரு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு ஓட்டுக் கொட்டாய் பேசி வச்சிருந்தாரு. ஸ்பேனர் இருந்துச்சு, சுத்தி இருந்துச்சு, அரம் ஏழு இருந்துச்சு. வைஸு இல்ல. புதுசு வாங்கற நிலைமையும் இல்ல. "வைஸ் இல்லாத பட்டறை அடுப்பில்லாத சமையக்கட்டு"ம்பாரு.

அப்பதான் திருப்புலிவனத்துல ஒரு ரைஸ் மில்லுல இன்ஜின் வேலைக்குப் போனாரு. மில்லு கதவுக்கு முட்டு கொடுத்து வச்சிருந்தாங்க இந்த வைஸை. "இருவது வருஷம் ஓடிச்சு, அப்பால ஒரு நாள் இறுகிப்போச்சு. வேணும்னா தூக்கிக்கினு போ"ன்னு மில்லுக்காரர் சொல்லியிருக்காரு. வாயை மூடறதுக்குள்ள தூக்கிட்டு வந்துட்டாரு இந்த மனுஷன்.

ஆயுத பூஜைக்குப் பத்து நாள் இருந்துச்சு. பூஜையன்னைக்குச் சாயங்காலம் ஏஜெண்டு நேர்ல வந்து ஃபாரம் வாங்கிக்கினு போறதா ஏற்பாடு. மாமா வைஸு மேல கைய வச்சுக்கினு எங்க ரெண்டு பேரையும் பார்த்துச் சொன்னாரு:

"பூஜைக்குள்ள இது ஓடிச்சுனா பட்டறை. ஓடலன்னா கையெழுத்து. இதுக்கு மேல யாரும் பேசக்கூடாது."

அத்தை சிரிச்சாங்க. "இதுவாவது, ஓடறதாவது!"

நான் மனசுக்குள்ள அந்தத் துருப்பிடிச்ச பன்னித் தலையைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

கிருஷ்ணாயில் குளியல்

ஒரு பழைய அண்டாவுல வைஸை உக்கார வச்சு, ரேஷன்ல வாங்கின கிருஷ்ணாயிலைக் கொண்டுபோய் அது தலையில ஊத்தினாரு. ஸ்டவ்வுக்கு வச்சிருந்த எண்ணெய் அது. அத்தை போட்ட கூச்சல்ல எதிர்வூட்டு ஆளுங்க எட்டிப் பார்த்தாங்க. "குடும்பமே விறகுல பொகையணும், இந்த இரும்பு மட்டும் எண்ணெய் தேச்சுக் குளிக்கணுமா?"

மூணு நாள் ஊறிச்சு. வெளிப்பக்கத் துருவெல்லாம் சேறாட்டம் கழண்டுச்சு. நான் தேங்கா நாரை வச்சுத் தேச்சேன். ஒரு பக்கத்துல எழுத்து தெரிஞ்சுது. தேஞ்சு போனதுல கடைசி வார்த்தை மட்டும்தான் படிக்க முடிஞ்சுது. இங்கிலாண்டு. "மாமா, இது வெள்ளைக்காரன் வைஸு!"ன்னு கத்தினேன். அவர் குழந்தையாட்டம் குதிச்சாரு.

ஆனா திருகு மட்டும் அசையவே இல்ல.

நாலாம் நாள் காலையில பொறுமை போச்சு. ஆள் உசரத்துக்கு ஒரு இரும்புப் பைப்பைக் கொண்டாந்தாரு. கைப்பிடியில சொருகி, வைஸை மண்ணுல புதைச்ச ரெண்டு கல்லுக்கு நடுவுல சிக்க வச்சு, பைப்போட நுனியில தொங்கினாரு.

"மாமா, மெள்ள!"

மடேர்னு ஒரு சத்தம். அவர் போய்க் கனகாம்பரச் செடி மேல விழுந்தாரு. திருகு சுத்திச்சு. தாராளமா சுத்திச்சு. ஆனா தாடை நகரல.

உள்ள இருந்த நட்டு ரெண்டா உடைஞ்சு போச்சு. திருகு எதுக்குள்ள ஓடி தாடையை இழுக்குமோ அந்த நட்டு. வைஸுக்கு உசுரே அதுதான்.

உடைஞ்ச துண்டைக் கையில வாங்கிப் பார்த்தேன். திருகு ஓட உள்ள வெட்டியிருக்கிற வரிக்கு, அதான் மரைக்கு, நடுவுல எல்லாம் செங்கல் நிறத்துல ஏதோ கெட்டியா அடைஞ்சு கிடந்துச்சு. துருன்னு நினைச்சேன். நகத்தால கீறினா பொடியா உதிருது. மசக்கைக்காரிக்கு மூக்கு சும்மா இருக்குமா? மோந்து பார்த்தேன்.

சந்தனம்!

அப்புறம்தான் புரிஞ்சுது. வருஷாவருஷம் ஆயுத பூஜைக்கு மில்லுக்காரங்க வைஸுக்குச் சந்தனம் அப்பி, குங்குமம் வச்சிருக்காங்க. நெத்தியில வைக்கறதோட விட்டாங்களா? கூடக் கொஞ்சம் பக்தி. திருகு பூரா வழிச்சுப் பூசியிருக்காங்க. மறுநாள் விஜயதசமிக்கு அதைத் துடைக்காமலே சுத்தியிருக்காங்க. க்ரீஸும் சந்தனமும் குங்குமமும் கலந்து, நட்டுக்குள்ள போய், தவிட்டுத் தூசியையும் சேர்த்துக்கினு சிமெண்டாட்டம் இறுகிடுச்சு. இருவது வருஷப் பூஜை மொத்தமும் அதுக்குள்ளதான் இருந்துச்சு.

ஒரு துண்டை வெந்நீர்ல போட்டுப் பார்த்தேன். ரெண்டு நிமிஷத்துல குழகுழன்னு கரைஞ்சு, வீடெல்லாம் கோயில் வாசனை.

"மாமா, ரெண்டு குடம் வெந்நீர் ஊத்தியிருந்தா போதுமே."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே! செடியில இருந்து எழுந்திரிக்காம அப்படியே உக்காந்திருந்தாரு. சிரிக்கறதா அழறதான்னு எனக்கும் தெரியல. அத்தை மட்டும் நிதானமா வந்து, உடைஞ்ச துண்டைப் பார்த்துட்டு, "சாமியே வழி காட்டிடுச்சு. சட்டை துணியெல்லாம் எடுத்து வையி"ன்னாங்க.

எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம். "அத்த, இன்னும் ஆறு நாள் கீது"ன்னேன். அந்த வீட்டுக்கு வாழ வந்து அத்தையை எதிர்த்து நான் பேசின முதல் வார்த்தை அதுதான்.

ஒன்றரை சுத்து

மறுநாளே காஞ்சிபுரம் பஸ் ஏறினோம். திருகை என் பழைய புடவையில சுத்தி மடியில வச்சிருந்தேன். பக்கத்து சீட்டு அம்மா, "குழந்தைக்கு எத்தனை மாசம்?"னு கேட்டாங்க. "இது இங்கிலாண்டுல பொறந்தது, எங்களைவிட வயசு ஜாஸ்தி"ன்னாரு மாமா. அந்தம்மா இறங்கற வரைக்கும் எங்க பக்கம் திரும்பல.

அங்க பழைய இரும்பு விக்கிற காதர் பாயோட காயலான் கடை பெரிய கடல். உடைஞ்ச இன்ஜின், கழண்ட சக்கரம், தறிச் சாமான், வண்டிப் பட்டை, என்ன இல்ல அங்க? நட்டு மட்டும் ஒரு மூலையில மலையாட்டம் குவிஞ்சிருந்துச்சு. மாமா ஸ்கேலை எடுத்தாரு. திருகுல ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் நடுவுல வச்சு அளந்தாரு. "ஆறு மில்லிமீட்டரு." நட்டு நட்டா வாயை அளந்து, ஆறு மில்லி மரை ஒண்ணைப் பிடிச்சுட்டாரு. திருகை விட்டா ஒரு சுத்து வெண்ணெயாட்டம் போச்சு. அங்கயே கடைக்காரரைக் கட்டிப் பிடிச்சுக்கினாரு.

வீட்டுக்கு வந்து எண்ணெய் விட்டு மறுபடி மாட்டினாரு. ஒரு சுத்து. ஒன்றரை சுத்து. அவ்வளவுதான். கப்புனு நின்னுடுச்சு.

"கொஞ்சம் முரடா கீது, ஓட ஓட சரியாப்பூடும்"னு பைப்பை எடுக்கப் போனாரு. நான் பைப்பு மேலயே உக்காந்துட்டேன். "இத்தத் தொட்டீங்க, அப்பால நடக்கறதே வேற!"

இதுல ஒரு நாள் பாழ். ஏஜெண்டு வர்றதுக்கு நாலு நாள்தான் இருந்துச்சு. சாப்பிடாம சுவத்தைப் பார்த்துக்கினு உக்காந்திருந்தாரு. ஃபாரம் மாடத்துல இருந்துச்சு. அதுக்குப் பக்கத்துல அத்தை ஒரு பேனாவையும் கொண்டுவந்து வச்சிருந்தாங்க.

நைனாவின் அங்குலம்

இங்க எங்க நைனாவைப் பத்திச் சொல்லியாகணும். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல பட்டுத் தறி போட்டவரு. சின்ன வயசுல எனக்கு அவர் கொடுத்த வேலை, நெய்த பட்டுல இழை எண்றது. பித்தளையில சின்னதா ஒரு கண்ணாடி வச்சிருப்பாரு. கீழ சரியா ஒரு அங்குலத்துக்குச் சதுரமா ஓட்டை. அதைத் துணி மேல வச்சு, ஊசி முனையால ஒவ்வொரு இழையா எண்ணணும்.

ஒரு தடவை ஒரு முதலாளி, புடவையில இழை குறைச்சல்னு தூக்கிப் போட்டுட்டாரு. விரலை வச்சு ரெண்டு இழைக்கு நடுவுல இருந்த இடைவெளியைக் காட்டி, "இம்மாம் சந்து கீது பாரு"ன்னாரு. நைனா கோபப்படவே இல்ல. கண்ணாடியை எடுத்தாரு. "ரெண்டு இழைய மட்டும் பார்த்தா யாருக்கும் ஒண்ணியும் தெரியாது மொதலாளி. அங்குலத்த எண்ணு. மூணு எடத்துல எண்ணு"ன்னாரு. எண்ணினாங்க. இழை குறையல. முதலாளி புடவையை எடுத்துக்கினாரு. தெருமுனை திரும்பினதும் நைனா எனக்குப் பால்கோவா வாங்கிக் கொடுத்தாரு.

சுவத்தைப் பார்த்துக்கினு இருந்த மாமாவைப் பார்த்தப்போ, அந்தப் பால்கோவா ஞாபகம்தான் திடீர்னு வந்துச்சு. ஓடிப்போய் என் பெட்டியில இருந்த நைனாவோட மர அளவுகோலை எடுத்தேன். அதுல அங்குலம் மட்டும்தான் இருக்கும்.

திருகை மடியில போட்டேன். மூணு அங்குலத்துக்குக் கரிக்கோடு போட்டு எண்ணினேன். பன்னெண்டு. வேற இடத்துல எண்ணினேன். பன்னெண்டு. மயிரிழைகூட ஏற இறங்க இல்ல.

இப்போ நட்டு. உள்பக்கம் மரையை எப்படி எண்றது? துவைக்கிற பார் சோப்பை விரலாட்டம் நீளமா சீவி, நட்டுக்குள்ள விட்டு, பக்கவாட்டுல அழுத்தி எடுத்தேன். மரை அப்படியே சோப்புல பதிஞ்சு வந்துச்சு. ரெண்டு அங்குலம் எண்ணினேன். மூணு அங்குலத்துக்குப் பன்னெண்டுன்னா இதுல எட்டு வரணும். எட்டு தாண்டி, கிட்டத்தட்ட அரை.

"மாமா! நட்டுதான் ஆறு மில்லி! திருகு கால் அங்குலம்!"

"இன்னாடி உளர்ற?"

"ஒரு மரைய அளந்தா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். எட்டு மரை போவச்சொல்ல அர மரை தப்பிப்பூடுது. அதான் ஒன்றரை சுத்துல அடைச்சுக்குது."

அவர் பிடுங்கி எண்ணினாரு. மறுபடி எண்ணினாரு. "ஐ.டி.ஐ.ல எல்லாம் மில்லிதானேடி சொல்லிக் குடுத்தாங்க..."

"வெள்ளைக்காரன் வைஸுக்கு உங்க மில்லி எப்பிடித் தெரியும்?"

அப்படியே என்னைத் தூக்கிட்டாரு. அஞ்சு மாசக்காரியை! அத்தை, "டேய், டேய், எறக்குடா!"ன்னு ஓடி வந்தாங்க.

சோப்புக்காரி

மறுநாள் காதர் பாய் கடையில நான் நடத்தினது திருவிழா. ஒரு பழைய வாளியைக் கவுத்துப் போட்டு உக்காந்துக்கினேன். பக்கத்துல அரை பார் சோப்பு. மாமா நட்டா பொறுக்கிக் கொடுப்பாரு, நான் சோப்பை அழுத்தி எண்ணுவேன். "ஏழு. வேணாம். பத்து. தூக்கிப் போடு. எட்டரை. போ." வேடிக்கை பார்க்க எட்டுப் பேர் கூடிட்டாங்க.

"தங்கச்சி, நட்டையெல்லாம் குளிப்பாட்டி வுட்றியா?"ன்னாரு காதர் பாய்.

"ஆமா பாய், இம்மாம் அழுக்கா கடை வச்சிருக்கீங்களே!"

எல்லாரும் சிரிச்சாங்க. ஆனா வெயில் ஏறினப்புறம் சிரிப்பு குறைஞ்சுது. முப்பது நட்டாவது பார்த்திருப்பேன். எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு. மாமா மெதுவா, "போதும், வா, போலாம்"னாரு. அந்தக் குரல்ல பாதி மஸ்கட்டுக்குப் போய்ட்டாரு மனுஷன்.

எனக்கு அழுகை முட்டிக்கினு வந்துச்சு. காதர் பாய் அதைப் பார்த்துட்டாரு. கொஞ்ச நேரம் தாடியைச் சொறிஞ்சாரு. "இரு தங்கச்சி. வெள்ளைக்காரன் காலத்து சாமான்தானே? தென்னேரி பக்கம் ஒரு வாய்க்கா ஷட்டர் கழட்டினாங்க, பழசு. ஏலத்துல எடுத்தேன். தண்ணி தொறக்கற திருகு கீது பாரு, அதுக்கும் நட்டு உண்டு."

உள்ள போய்த் தேடி எடுத்துக்கினு வந்தாரு. பச்சை பூத்துப்போன வெண்கல நட்டு, உருண்டையா, கனமா. சோப்பை விட்டேன். எடுத்து அளவுகோல் மேல வச்சேன்.

எட்டு. சரியா எட்டு.

மாமா திருகை விட்டாரு. ஒரு சுத்து. ரெண்டு. மூணு. நாலு. எட்டாவது சுத்துல திருகு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துச்சு. கூடியிருந்த எட்டுப் பேரும் கை தட்டினாங்க. முன்ன பின்ன தெரியாதவங்க! காதர் பாய் எங்களுக்கு டீ சொல்லிட்டு, "சோப்பு மட்டும் குடுத்துட்டுப் போ தங்கச்சி, கைல கறை போவல"ன்னாரு.

ஆட்டுக்கல்லே வைஸ்

கொண்டாட்டம் வீட்டு வாசல் வரைக்கும்தான். நட்டு உருண்டை. வைஸுக்குள்ள அது உக்கார்ற பள்ளம் சதுரம். நாலு பக்கமும் அரத்தால ராவிச் சதுரமாக்கணும். ராவணும்னா நட்டை அசையாம எதுலயாவது பிடிச்சு வைக்கணும். எதுல பிடிப்பாங்க? வைஸுலதான்!

மாமா காலால மிதிச்சுக்கினு ராவினாரு. வழுக்கி விட்டு விரல்ல ரத்தம். நான் பிடிச்சேன். எனக்குக் கை ஒத்துழைக்கல. பூஜைக்கு ரெண்டே நாள்.

அப்ப அவர் கண்ணு சமையக்கட்டுல இருந்த ஆட்டுக்கல்லு மேல விழுந்துச்சு. மாவு அரைக்கிற குழி, நட்டுக்கு அளவெடுத்த மாதிரி இருந்துச்சு. நட்டைக் குழியில இறக்கி, சுத்தி புளியமர ஆப்பு அடிச்சா அசையாது.

அத்தை வாசப்படியில நின்னு பார்த்தாங்க. அவங்க கல்யாணத்துக்கு வந்த ஆட்டுக்கல்லு அது. நான் கண்ணை மூடிக்கினேன், இடி விழப்போவுதுன்னு.

விழல. மாமா விரல்ல சுத்தியிருந்த துணியில ரத்தம் ஊறிக்கினு இருந்துச்சு. அத்தை அதையே பார்த்துக்கினு இருந்தாங்க. அப்புறம் கிட்ட வந்து குந்திக்கினாங்க.

"ஆப்பு இப்பிடியாடா அடிப்பாங்க? இந்தப் பக்கம் எடம் கீது பாரு. குடு இப்பிடி."

குழவியையே சுத்தியலாக்கி, ஆப்பை ஓங்கி ஓங்கி அடிச்சு இறுக்கிட்டாங்க. அதோட விடல. ரெண்டு நாளும் கல்லு நகராம பக்கத்துலயே உக்காந்து, ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கினாங்க. வீட்டுல இட்லி இல்ல, தோசை இல்ல, பழையதுதான் நாஷ்டா. வெண்கலத் தூள் அத்தை புடவையெல்லாம் மின்னிச்சு. வாய் மட்டும் ஓயல. "ஏரோப்பிளேன்ல போறவன் தலையெழுத்தப் பாரு, ஆட்டாங்கல்லுல ராவிக்கினு கீறான்!"

தாடைக்குப் பல்லு தேஞ்சு வழவழன்னு இருந்துச்சு. லாரி ஸ்ப்ரிங் பட்டையில ரெண்டு துண்டு வெட்டி, கோடு போட்டு, திருகாணி வச்சு முடுக்கினாரு. பெஞ்சுக்கு நைனா தன் பழைய தறியோட கட்டையைக் கொடுத்து அனுப்பினாரு.

பூஜையன்னைக்கு

காலையில இருந்தே வீட்டுல பரபரப்பு. என் பத்தாவது புத்தகம், பஞ்சாங்கம், மாமாவோட சர்டிபிகேட்டு, ஏன், மளிகைக் கடை சிட்டை வரைக்கும் எழுத்து இருக்கிற எல்லாத்தையும் சரஸ்வதி முன்னால அடுக்கிப் பொட்டு வச்சாச்சு. வச்சாச்சுன்னா மறுநாள் வரைக்கும் தொடக்கூடாது. ஸ்பேனரும் சுத்தியும் அரமும் பக்கத்துலயே பொட்டோட படுத்திருந்துச்சு.

வைஸு மட்டும் பின்கட்டுல, பெஞ்சு மேல. "ஓட்டிப் பார்த்துட்டுத்தான் சந்தனம்"னு மாமா சொல்லிட்டாரு. அத்தை கிண்ணத்துல சந்தனத்தோட காத்துக்கினு நின்னாங்க.

நட்டை உள்ள இறக்கினாரு. உக்காந்துச்சு. திருகை விட்டாரு. எண்ணெய் ரெண்டு சொட்டு. கைப்பிடியைச் சுத்தினாரு.

தாடை நகர்ந்துச்சு!

சத்தமே இல்லாம, மெள்ள, மூடிக்கினே வந்துச்சு. திருப்பிச் சுத்தினா திறக்குது. மறுபடி மூடுது. நான் கையைத் தட்டிக் கத்தினேன். வயித்துக்குள்ள பிள்ளை உதைச்சுது. அதுதான் முதல் உதை, சத்தியமா சொல்றேன்.

மாமா மட்டும் சிரிக்கல. "இரு. தாடை நேரா புடிக்குதான்னு பார்க்கணும். ஒரு பேப்பர் குடு. நடுவுல வச்சு இறுக்கி இழுக்கணும். எங்கயாவது வழுக்கிக்கினு வந்துச்சுனா தாடை கோணல்னு அர்த்தம். கோணல்னா இத வச்சு வேல செய்ய முடியாது."

பேப்பருக்கு எங்க போறது? எழுத்து இருக்கிற பேப்பரெல்லாம் பூஜையில. வீடு பூரா தேடினேன். சமையக்கட்டுல இல்ல, அலமாரியில இல்ல. மாடத்துல இருந்துச்சு ஒண்ணே ஒண்ணு. சாயங்காலம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணுமேன்னு பூஜையில வைக்காம விட்டது.

எடுத்துக்கினு வந்து அவர் முன்னால நின்னேன். என் எழுத்து, 'எம்' மட்டும் கலைஞ்சு. அவர் ஃபாரத்தைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு, அம்மாவைப் பார்த்தாரு.

வாங்கினாரு. கையெழுத்துப் போடற பக்கத்தைத் தாடைக்குள்ள விட்டு, கைப்பிடியைச் சுத்தி இறுக்கினாரு.

"இழு"ன்னாரு.

ஒரு கையால இழுத்தேன். வரல. இந்த ஓரம் பிடிச்சு இழுத்தேன், அந்த ஓரம் பிடிச்சு இழுத்தேன். எங்கயும் வழுக்கல. ரெண்டு கையாலயும் பிடிச்சு, பத்து நாளா வாய்க்குள்ள வச்சிருந்ததை எல்லாம் சேர்த்து இழுத்தேன்.

டர்ர்னு கிழிஞ்சு வந்துச்சு. கையெழுத்துப் போடற இடம் மட்டும் தாடைக்குள்ளயே இருந்துச்சு.

"புடிச்சுக்கிச்சு"ன்னாரு மாமா. நான் கிழிஞ்ச காகிதத்தை நெஞ்சுல வச்சுக்கினு ஓன்னு அழுதேன். சந்தோஷம்தான், ஆனா அழுகையாத்தான் வந்துச்சு.

அத்தை முன்னால வந்தாங்க. தாடைக்குள்ள இருந்த காகிதத்தை ஒரு தரம் பார்த்தாங்க. கிண்ணத்துல விரலைத் தோச்சு, வைஸோட நெத்தியில ஒரே ஒரு பொட்டு வச்சாங்க. கையில மீந்த சந்தனத்தோட விரல் திருகுக் கிட்ட போச்சு. நானும் மாமாவும் ஒரே நேரத்துல, "ஐயோ, அங்க வேணாம்!"னு அலறினோம்.

"தெரியும்டா, எனக்கும் மூக்கு கீது"ன்னு விரலைத் தன் முந்தானையில துடைச்சுக்கினாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பினாங்க.

"ஏஜெண்டு வந்தா நான் பேசிக்கறேன். நீ கண்ணத் தொடச்சுக்கினு போயி சுண்டலுக்குத் தாளி."